பேலன்ஸ் ஷீட்டில் ஆறு யானைகள்

என்னை இங்கே பேசக் கூப்பிட்டவர்கள், "முப்பது வருஷ அனுபவம் உங்களுக்கு, புதுசா வந்த பிள்ளைங்களுக்கு ரெண்டு நல்ல வார்த்த சொல்லுங்க ஸ்டெல்லா அக்கா" என்றார்கள். நல்ல வார்த்தை என்னிடம் ஸ்டாக் இல்லை. இரண்டு யானையை நான்கு யானையாக எண்ணிவிட்டு, அதைச் சரி என்று தாளில் டிக் அடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கிய கதை ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆடிட் வேலைக்கு வந்துவிட்டீர்கள். இவ்வளவு பெரிய மிருகத்தைக்கூட ஒரு மனுஷி கோட்டை விடலாம் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருப்பது நல்லது.

எங்கள் அலுவலகம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாலைக் கடைக்கு மேல் மாடி. மல்லிகை வாசத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் நஷ்டத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். நான்கு மேசை, ஒரு பிரிண்டர், ஒரு பாஸ். பாஸின் பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அதிகம் பேசவும் மாட்டார். மேசை இழுப்பறையில் கச்சான் கொட்டை, அதாவது வறுத்த நிலக்கடலை, டின் ஒன்று வைத்திருப்பார். யாரையாவது திட்டவேண்டும்போல இருந்தால் வாயைத் திறந்து இரண்டு கொட்டையைப் போட்டுக்கொண்டு மூடிவிடுவார். என்னால் மட்டும் அவர் கிலோக்கணக்கில் சாப்பிட்டிருப்பார்.

எங்கள் வாடிக்கையாளர்களில் பரமேஸ்வரி அக்கா என்று ஒருவர். கிள்ளானில் கல்யாண மணவறை அலங்காரத் தொழில். அதுவரை பதினைந்து வருஷமாக ஒரே வாடகை ஸ்டோரில்தான் அவருடைய சாமான் எல்லாம் இருந்தது. அந்த ஸ்டோருக்குள் நீங்கள் போயிருக்கவேண்டும்! தங்கக் கலர் சிம்மாசனம் வரிசையாக நிற்கும். பிளாஸ்டிக் வாழைமரம் தாரோடு சாய்ந்திருக்கும். ஒரு மூலையில் மூக்கு உடைந்த அன்னப்பறவை, அதன் மேல் யாரோ காயப்போட்ட சட்டை. எல்லாவற்றுக்கும் நடுவில் யானைகள். ஃபைபரில் செய்தவை, ஆள் உயரம், தும்பிக்கையைத் தூக்கியபடி. இந்தியாவிலிருந்து கண்டெய்னரில் வந்தவை. ஒரு யானை விலைக்கு ஒரு பழைய காடி வாங்கி ஓட்டலாம். சொத்துப் பட்டியலில் ஆறு யானை என்று இருந்தது.

இப்போது ஆபத்து என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஸ்டோரின் சொந்தக்காரர், தவுக்கே என்று கூப்பிடுவோம், தனக்கு வயதாகிவிட்டது, விற்கப்போகிறேன் என்றார். நல்ல மனுஷர். "முதல்ல உன்னத்தான் கேக்கிறேன், மாசக் கடைசிக்குள்ள சொல்லு" என்று அக்காவிடம் தவணை கொடுத்தார். வாங்க பேங்க் கடன் வேண்டும். ஆடிட் முடிந்த பேலன்ஸ் ஷீட் வெள்ளிக்கிழமைக்குள் கையில் வரவேண்டும் என்றது பேங்க். வராவிட்டால் ஸ்டோர் வேறு ஆளுக்குப் போகும். அக்காவும், வேலை செய்கிற பதினொரு பேரும், அத்தனை சிம்மாசனமும் ரோட்டில். தை மாதக் கல்யாணங்களுக்கு வாங்கிய அட்வான்ஸுக்கு என்ன பதில் சொல்வது? அக்கா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பாஸ் என்னைத் திங்கட்கிழமை கிள்ளானுக்கு அனுப்பினார். "சொத்து எல்லாம் இருக்கான்னு கண்ணால பாத்துட்டு வா, போட்டோ எடு" என்றார். இருபது வருஷ சர்வீஸ் அப்போது எனக்கு. இதுகூடவா எனக்குச் சொல்லவேண்டும் என்று உள்ளுக்குள் கடுப்பு. அந்தக் கடுப்போடுதான் கிளம்பினேன்.

அக்கா ஷா ஆலத்தில் ஒரு மண்டபத்தில் அலங்கார வேலையாக இருந்தார். என்னை வரவேற்றது அவருடைய வீட்டுக்காரர் சந்திரன் அண்ணே. லோரி ஓட்டுவது, சாமான் ஏற்றுவது இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. தங்கமான மனுஷர். பொண்டாட்டியைக் கண்டால் மட்டும் கொஞ்சம் நடுங்குவார். நான் சிம்மாசனத்தை எண்ணினேன், விளக்கை எண்ணினேன், யானையை எண்ணினேன். நான்கு.

"அண்ணே, புக்குல ஆறு இருக்கே?"

"மத்த ரெண்டும் சுங்கை பூலோல ஒரு மண்டபத்துல நிக்குது மேடம்."

"சரி, வாங்க, போய்ப் பாத்துருவோம்."

அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், பசி போல என்று நினைத்தேன்.

"மொதல்ல சாப்பிட்டுருவோம் மேடம். இங்க ஒரு எடத்துல நண்டு நல்லா இருக்கும்."

பிள்ளைகளே, இதை எழுதிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் உங்களுக்குக் கோழி வாங்கிக் கொடுத்தால் அது மரியாதை. நண்டு வாங்கிக் கொடுத்தால் உங்கள் நேரத்தை வாங்குகிறார். நண்டை அவசரமாகச் சாப்பிட்ட மனிதர் உலகத்தில் கிடையாது. நான் ஒவ்வொரு காலாக உடைத்து, உறிஞ்சி, வாழையிலையில் ஒரு சுடுகாடே கட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் சந்திரன் அண்ணே நான்கு தடவை போன் பேச வெளியே போனார். திரும்பி வந்து, "இன்னும் கொஞ்சம் சாறு ஊத்திக்குங்க மேடம்" என்றார். நான் ஊற்றிக்கொண்டேன். பாயசமும் குடித்தேன். ஸ்டோருக்குத் திரும்பவேண்டாம், இங்கிருந்து நேராகப் போனால் கிட்ட என்றார். சரி என்றேன்.

என் காடியில் நான், முன்னால் வழி காட்டிக்கொண்டு அவர் காடி. ஷா ஆலம் தாண்டினதும் ஜாம். நண்டு மயக்கத்தில் கண் செருகிக்கொண்டிருந்தபோது பக்கத்து லேனில் ஒரு லோரி வந்து நின்றது. பின்பக்கம் இரண்டு யானை. கழுத்துவரை தார்ப்பாய் போர்த்தி, தும்பிக்கையைத் தூக்கி என்னையே பார்த்துக்கொண்டு நின்றன. கால் மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நகர்ந்தோம். எனக்கு ஒரே சந்தோஷம். முகூர்த்த நேரம், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போகுது என்று நினைத்துக்கொண்டேன். போட்டோ எடுத்து எங்கள் குடும்ப வாட்சப் குரூப்பில் போட்டேன். "யாரு, உன் சொந்தக்காரங்களா?" என்று என் தங்கை பதில் அனுப்பினாள். ஜாம் விட்டதும் லோரி முந்திப் பறந்துவிட்டது, அண்ணே காடி மட்டும் ஆமையாக ஊர்ந்தது.

சுங்கை பூலோ மண்டபத்தில் ஈ காக்கை இல்லை. அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கு முன்னால் இரண்டு யானை நின்றன. மண்டபக் காவலாளி, "இப்பத்தான் மா..." என்று ஆரம்பித்தார். சந்திரன் அண்ணேவுக்குத் திடீரென்று பயங்கர இருமல்.

"திங்கக்கெழம யாருக்கு அண்ணே கல்யாணம்?"

"ரிஹர்சல் மேடம்."

"யானைக்கா?"

"ஆமா மேடம்."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதைக் குறித்துக்கொண்டேன். 'சுங்கை பூலோ, இரண்டு, ரிஹர்சல்.' நான்கும் இரண்டும் ஆறு. டிக்.

மறுநாள் காலை பாஸ் என் போனை வாங்கிப் போட்டோக்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே டின்னைத் திறந்தார்.

"ஸ்டெல்லா, கிள்ளான்ல நிக்கிற இந்த யானைக்கு இடது காதுல பச்ச பெயிண்ட் சிந்தியிருக்கு."

"ஆமா சார், ஓரமா கொஞ்சம்."

"சுங்கை பூலோ யானைக்கும் அதே காதுல, அதே பச்ச." இரண்டு கொட்டை உள்ளே போயிற்று. இன்னும் தள்ளிக்கொண்டே போனார். ஹைவே போட்டோ வந்தது. தார்ப்பாய்க்கு மேலே பச்சைக் காது பளிச்சென்று தெரிந்தது. "இது யாரு?"

"அது... ட்ராஃபிக்ல பாத்தது சார்."

அந்தக் காலத்துப் பள்ளிக்கூட போட்டோ ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு எங்கே இருக்கும்! மொத்தப் பள்ளியையும் வரிசையாக நிறுத்தி, கேமரா ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திரும்பும். ஒரு முனையில் நிற்கிற வாலு, பின்பக்கமாக ஓடிப்போய் மறு முனையிலும் நின்று இளிக்கும். போட்டோவில் ஒரே மூஞ்சி இரண்டு இடத்தில் வரும். அதைத்தான் சந்திரன் அண்ணே யானையை வைத்துச் செய்துவிட்டார். யானை ஓடுவதைப் போட்டோ வேறு எடுத்து நான் குடும்பத்துக்கே காட்டியிருக்கிறேன்.

பாஸ் என்னைத் திட்டவில்லை. "நீ யானைய எண்ணல ஸ்டெல்லா. அவங்க காட்டினத எண்ணிட்டு வந்திருக்க" என்றார். அதற்குப் பேசாமல் நாலு அறை விட்டிருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எண்ணு, எண்ணியதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டு. முதல் வருஷத்தில் படித்த பாடம். நண்டு தின்று மறந்துவிட்டேன்.

வந்த கோபத்துக்கு ஹைவேயில் ஒரு லோரியையும் நான் முந்த விடவில்லை. கிள்ளான் ஸ்டோருக்குள் நுழைந்தபோது பரமேஸ்வரி அக்கா தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் மாவிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சந்திரன் அண்ணே என்னைப் பார்த்ததும் ஒரு சிம்மாசனத்துக்குப் பின்னால் போய் நின்றார்.

"அக்கா, யானை ஆறு இல்ல, நாலுதான்."

"என்னாடி சொல்ற? ஆறு லா. நாந்தானே வாங்குனேன்."

நான் போட்டோவை நீட்டினேன். அவர் போனைப் பார்த்தார். பிறகு சிம்மாசனத்தைப் பார்த்தார்.

"வாங்க வெளிய."

வந்தார். சொன்னார். போன வருஷம் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு வாசலில் நிறுத்த இரண்டு யானையை இரவல் கொடுத்திருக்கிறார், அக்காவிடம் சொல்லாமல். திருவிழா முடிந்து லோரியோடு எடுக்கப் போனால், யானைக்குக் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்ததாம். ஒரு அம்மா குழந்தையோடு வந்து தும்பிக்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதாம். "அந்த நேரத்துல போய் யானையத் தாங்கன்னு நான் எப்படிமா கேப்பேன்? நானும் கும்பிட்டுட்டு வந்துட்டேன்."

"அடப்பாவி மனுஷா! அதான் ஒரு வருஷமா எந்தக் கல்யாணத்துக்கும் நாலு யானைக்கு மேல வரலையா? கேட்டா மண்டபம் சின்னதுன்னீங்களே!"

"சின்ன மண்டபமும் இருந்துச்சு பரமு."

"வாய மூடுங்க!"

இந்த இடத்தில்தான் பேலன்ஸ் ஷீட் வருகிறது, கவனியுங்கள். பரீட்சையில் அதைப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பீர்கள். எனக்குத் தெரிந்தது மூன்றே விஷயம். இந்தத் தேதியில் நம் கையில் என்ன இருக்கிறது, அது சொத்து. யாருக்கெல்லாம் கொடுக்கவேண்டியிருக்கிறது, அது கடன். கொடுத்தது போக முதலாளிக்கு மிஞ்சுவது அவருடைய சொந்த முதல். ஒரு பக்கம் சொத்து, மறு பக்கம் மற்ற இரண்டும். இரண்டு பக்கமும் எப்போதும் சமம். ஏன் சமம்? முதலாளி பாவப்பட்டவர், அதனால். சொத்தில் இரண்டு யானை காணாமல் போனால் துணிக் கடை தன் பாக்கியைக் குறைத்துக்கொள்ளுமா? கொள்ளாது. அட்வான்ஸ் கொடுத்த பெண் வீட்டார் விட்டுக்கொடுப்பார்களா? மாட்டார்கள். யானை தொலைந்தால் இளைப்பது முதலாளி மட்டும்தான்.

பேங்க் சொல்லியிருந்தது, சொந்த முதல் ஒரு அளவுக்குக் கீழே போகக்கூடாது என்று. ஆறு யானையோடு பார்த்தால் கொஞ்சம் மேலே நின்றது. நான்கோடு பார்த்தால் கீழே போயிற்று. அங்கேயே கால்குலேட்டரில் தட்டிக் காட்டினேன்.

அக்கா விடவில்லை. "பேங்க்ல தை மாசக் கல்யாணக் காசு அவ்ளோ கெடக்கு லா. அதச் சேத்துக்கோ."

"அது ஏற்கனவே சொத்துல இருக்குக்கா. ஆனா அதே தொகை கடன்லயும் இருக்கு. மணவறை போட்டுக் குடுக்கற வரைக்கும் அது உங்க காசு இல்ல. நாளைக்கு மாப்பிள்ள ஓடிப்போயிட்டா?"

"ஓடிப்போன மாப்பிள்ளைக்கு நான் ஏன்டி காசு குடுக்கணும்?"

"பொண்ணு வீட்டுக்குத் திருப்பித் தரணும்ல?"

யோசித்தார். "எந்தப் பொண்ணோட மாப்பிள்ள? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று பதறினார். உதாரணம்தான் என்று சமாதானப்படுத்தவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. வாடிக்கையாளரிடம் உதாரணம் சொல்லும்போது ஜாக்கிரதை.

பிறகு அக்கா என் கையைப் பிடித்தார். மாவிலைத் தூசி ஒட்டின கை.

"ஸ்டெல்லா, ஆறுன்னே எழுதிடேன். நீ நேத்தே எழுதிட்டதானே? கடன் வந்ததும் ரெண்டு யானை வாங்கி நிறுத்திடுறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

சிரிப்பெல்லாம் அங்கே நின்றுபோயிற்று. என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் காசே வாங்காமல் மேடை போட்டுக் கொடுத்தவர் இந்த அக்கா. பொய் சொல்லத் தெரியாதவர். அவர் வாயில் அந்த வார்த்தை வருகிறதென்றால் எவ்வளவு பயந்திருக்கவேண்டும். ஆறு என்பது ஏற்கனவே என் கையெழுத்தில் தாளில் இருக்கிறது, நான் எதுவும் எழுதவேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். பெரிய திருட்டாக வராது. நல்ல மனுஷர் கையைப் பிடித்துக்கொண்டு, சும்மா இருந்தால் போதும் என்று கேட்பதாகத்தான் வரும்.

வெளியே போய் பாஸுக்குப் போன் போட்டேன். ஆறு என்று எழுதவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டால் பழியை அவர் மேல் போட்டுவிடலாம் என்று ஒரு நப்பாசை. முழுக்கதையும் கேட்டார். மறுமுனையில் கொட்டை மெல்லும் சத்தம் மட்டும் வந்தது. "உனக்கு என்ன தெரியுமோ அத எழுது" என்று வைத்துவிட்டார்.

எனக்கு என்ன தெரியும்? நின்று யோசித்தேன். ஆறு இங்கே இல்லை என்று தெரியும். ஆனால் மற்ற இரண்டும் இப்போது யாருடையவை என்று தெரியாது. இரவல் கொடுத்தால் அது இன்னும் அக்காவின் சொத்து. காணிக்கை என்றால் போனது போனதுதான். இதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான்.

உள்ளே வந்து, "கோயில்ல போய்க் கேப்போம்" என்றேன்.

அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சாமிக்குக் குடுத்தத எந்த வாயால திருப்பிக் கேக்கறது? கட போனாலும் பரவால்ல, அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

"திருப்பிக் கேக்க மாட்டேன்கா. யாருதுன்னு மட்டும் கேக்கறேன். அது என் வேல."

"நீ சர்ச்சுக்குப் போறவ. ஒன்ன என்னான்னு நெனப்பாங்க?"

"ஆடிட்டருன்னு நெனப்பாங்க. அதவிடக் கெட்ட பேரு என்ன இருக்கு?"

புதன்கிழமை காலை கோயிலுக்குப் போனேன். வாசலின் இரண்டு பக்கமும் யானைகள், நெற்றியில் குங்குமம். ஒன்றின் காலடியில் செருப்புக் குவியல். கோயில் தலைவர் வெள்ளை வேட்டியில் வந்தார். ஓய்வு பெற்ற கிளார்க், மெல்லப் பேசுகிறவர். பரமேஸ்வரி அக்காவின் கணக்கைப் பார்க்கிறவள் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு கேட்டேன்.

"ஐயா, இந்த யானைங்க யாரோடது?"

அவர் முகமும் வெளுத்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னை மடப்பள்ளிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க மனசு நோகுற மாதிரி நாங்க யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல."

"என்ன ஐயா சொல்லல?"

"யானைங்க எடஞ்சலா இருக்குன்னு!" என்று கொட்டித் தீர்த்தார். "திருவிழா முடிஞ்சதும் லோரில ஏத்திவிட ஆளெல்லாம் ரெடியா வச்சிருந்தோம்மா. அந்தத் தம்பி வந்தாரு, யானையப் பாத்தாரு, கும்பிட்டாரு, வெறும் லோரியோட போயிட்டாரு. சரி, காணிக்கையா குடுத்துட்டாரு போலன்னு நெனச்சோம். பக்தர் குடுத்தத வேணாம்னு எப்படி சொல்றது? ரதம் வெளிய வரணும்னா எட்டு பேரு யானையத் தூக்கி நகத்தணும். எனக்கு இடுப்பே போச்சு."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஒரு வருஷமாக அந்தப் பக்கம் கேட்கக் கூச்சம், இந்தப் பக்கம் கொடுக்கக் கூச்சம். நடுவில் யானைகளுக்குத் தினம் குங்குமம். நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இப்படி நடக்கும், சொல்லுங்கள்!

ஆனால் சிரித்துவிட்டால் கணக்கு முடிந்துவிடாது. தலைவர் 'போல' என்கிறார், அக்கா 'பாவம்' என்கிறார். 'போல'வை பேலன்ஸ் ஷீட்டில் எழுத முடியாது.

"ஐயா, யானை வந்த அன்னிக்கு எதிலாச்சும் எழுதினீங்களா?"

கிளார்க் அல்லவா, எழுதாமல் இருப்பாரா! கோயில் சாமான் நோட்டு வந்தது. அண்டா, குத்துவிளக்கு, நாற்காலி எல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கத்தில், அழகான கையெழுத்து: 'யானை இரண்டு. சந்திரன் அவர்களிடம் இரவல். திருவிழா முடிந்ததும் திருப்பித் தரவேண்டியது.'

அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! கோயிலுக்கு அது திருப்பித் தரவேண்டிய பொருள். அப்படியென்றால் அக்காவுக்கு அது சொத்து. அக்கா வாய் திறந்து கொடுக்கவும் இல்லை, கோயில் காணிக்கை என்று பதியவும் இல்லை. சந்திரன் அண்ணே கும்பிட்டார், அவ்வளவுதான். கும்பிட்டால் சொத்து கைமாறாது. அதையே ஒரு கடிதமாக எழுதி முத்திரை குத்தித் தரச் சொன்னேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பிரசாதம் என்று நினைத்து, தானும் வாங்கி ஒற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை லோரி போயிற்று. சொத்து என்று தெரிந்த பிறகும் அக்காவுக்குப் பயம் போகவில்லை. தேங்காய் உடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, இனி எல்லாத் திருவிழாவுக்கும் யானை இலவசம் என்று தலைவரிடம் வாக்குக் கொடுத்தார். "கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குவேன், கையெழுத்துப் போட்டுத்தான் திருப்பித் தருவேன், இல்லன்னா வேணவே வேணாம்" என்றார் தலைவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. எட்டு பேர் தூக்கினார்கள். ஸ்டோரில் ஆறு யானையையும் வரிசையாக நிறுத்தி, கதவைச் சாத்தி, ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஸ்டிக்கர் ஒட்டி எண்ணினேன். குங்கும யானை இரண்டுக்கு மட்டும் நெற்றியில் ஒட்டாமல் வாலுக்குக் கீழே ஒட்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நண்டா என்று சந்திரன் அண்ணே கேட்டார். நான் வீட்டிலிருந்து ரொட்டி கொண்டு வந்திருந்தேன்.

சாயந்திரம் பாஸ் தாளைப் பார்த்தார். "திங்கக்கெழமையும் ஆறு, இன்னிக்கும் ஆறு. என்ன வித்தியாசம்?"

"திங்கக்கெழம எனக்குத் தெரியாது சார். இன்னிக்குத் தெரியும்."

டின்னை என் பக்கம் நகர்த்தினார். இருபது வருஷத்தில் முதல் தடவை. தப்பான வழியில் போய்ச் சரியான விடை எழுதுவது இந்த வேலையில் ரொம்ப மோசமான விஷயம், பிள்ளைகளே. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அடுத்த தடவையும் அதே வழியில் போவோம்.

வெள்ளிக்கிழமை காலை அக்காவும் அண்ணேவும் பிரிக்பீல்ட்ஸ் மாடிக்குக் கையெழுத்துப் போட வந்தார்கள். பதினைந்து வருஷமாக அந்தத் தாளை அவர் படித்ததே கிடையாது. நான் பென்சிலால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒவ்வொண்ணா சொல்லு" என்றார். இது லோரி, இது யானை, வருஷா வருஷம் தேய்மானத்தில் இளைத்துக்கொண்டே வரும். இது உங்கள் அட்வான்ஸ் காசு. இந்தப் பக்கம் பெண் வீட்டாருக்குச் செய்யவேண்டியது, துணிக் கடைக்குக் கொடுக்கவேண்டியது. கடைசி வரிக்கு வந்தோம்.

"இது என்னா?"

"அது நீங்கக்கா. எல்லாருக்கும் குடுத்தது போக மிச்சம். உங்க பதினஞ்சு வருஷம்."

அக்கா அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சந்திரன் அண்ணே எட்டிப் பார்த்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன் மேடம்?"

"இதர கடன்கள்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதுல இருக்கீங்க" என்றார் அக்கா, தலை நிமிராமல். பாஸ் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கொட்டை புரை ஏறித் தண்ணீர் கொடுக்கவேண்டியதாயிற்று. ஆனால் கையெழுத்துப் போட்டு முடித்ததும் அக்கா அந்த இதர கடனின் கையைத்தான் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

அதற்குப் பிறகு பேங்க்கிலிருந்து பேச்சு மூச்சு இல்லை. மாசக் கடைசி நெருங்கிக்கொண்டே வந்தது. எனக்கு அக்காவுக்குப் போன் பண்ணப் பயம், அவருக்கு எனக்குப் பண்ணப் பயம். தவணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம் மூன்று மணிக்கு என் போன் அடித்தது. எடுத்தால் ஒரே அழுகை.

"ஸ்டெல்லா, நான் கடன்காரி ஆயிட்டேன்டி! என் ஆயுசுக்கும் கட்டணும் போல அவ்ளோ கடன்!"

"அக்கா, கடன மட்டும் பாக்காதீங்க. எதிர்ப்பக்கம் என்ன இருக்குன்னு பாருங்க."

அவர் மூக்கை உறிஞ்சினார். பின்னால் ஸ்டோரின் தகரக் கதவு ஏறுகிற சத்தம் கேட்டது.

"அதத்தான்டி பாத்துக்கிட்டு நிக்கிறேன்."